நம் கோல்கீப்பர்

ஏப்ரல் 2

எதிரி முகாமின் புல்தரைக்குத் தலைமை ஏற்றிருக்கும் என் இல்லத்தரசி அவர்களுக்கு,

இல்லத்தரசி என்றதும் நீ முறைப்பது இங்கிருந்தே தெரிகிறது. இல்லத்தில் இல்லாத அரசியை வேறு எப்படித்தான் அழைப்பது?

போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்தில் யாராவது ஒருவர் ‘சரி, வெச்சிடறேன்’ என்கிறோம். அதனால் கடிதம் எழுதிக்கொள்ளலாம் என்று நீ சொன்னது நல்ல யோசனைதான். கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாக, நான் பேசி முடிக்கிற வரைக்கும் நீ குறுக்கே பேசப் போவதில்லை. இந்தச் சந்தோஷத்துக்காகவே தாள் கூடுதலாக வாங்கி வைத்திருக்கிறேன்.

இங்கே நிலவரம் இதுதான். பச்சை அணி போன சனிக்கிழமையும் தோற்றது. தோற்பது செய்தியில்லை, எப்படித் தோற்பது என்பதில்தான் வாராவாரம் புதுமை காட்டுகிறார்கள். கோல்கீப்பருக்குக் ‘கதவு’ என்று ரசிகர்கள் பெயர் வைத்த காலத்தில் அதற்குச் சாத்திய கதவு என்று பொருள். இப்போது யார் வேண்டுமானாலும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகலாம். ஃபார்வர்டுக்கு ‘நாளைக்கு’ என்று புதுப்பெயர். எப்போது கோல் போடுவீர்கள் என்று எங்கள் பேப்பருக்காக நான் பேட்டியில் கேட்டபோது அவர் சொன்ன பதில் அது.

உங்கள் மஞ்சள் அணி இதைவிட மோசம் என்பது ஒன்றே எங்கள் ஆறுதல். உங்கள் கோல்கீப்பர் ‘தவளை’ பந்து வருவதற்கு முன்பே ஒரு பக்கம் தாவிவிடுகிறார். பந்து சாவகாசமாக மறுபக்கம் போகிறது. உங்கள் ஃபார்வர்டு ‘மாப்பிள்ளை’ முடி கலைந்துவிடும் என்று தலையால் பந்தை முட்டுவதே இல்லை.

உன் தம்பியின் சலூனில் இதே பேச்சுதான். பச்சை பெயின்ட் அடித்த நாற்காலியில் என்னை உட்கார வைத்துக்கொண்டு, “மாமா, இந்த ரெண்டு டீமும் மோதினா யாரு ஜெயிப்பாங்க?” என்று கேட்டான்.

“யாருக்கு முதல்ல தூக்கம் வருதோ, அவங்க தோப்பாங்க” என்றேன்.

பட்டியலில் நாங்கள் கடைசிக்கு முன்னால். நீங்கள் கடைசி. கடைசியில் நிற்கும் அணி கீழ்ப்பிரிவுக்கு இறங்க வேண்டும். சீசனின் கடைசி ஆட்டம் மே 23, உங்கள் மைதானத்தில், நம் இரண்டு ஊர் அணிகளும் மோதுகின்றன. இடையில் இருக்கும் ஆட்டங்களில் இரண்டு பேருமே ஜெயிக்கப் போவதில்லை என்று நான் சத்தியம் செய்யத் தயார். ஆகவே அன்றைக்குத்தான் தீர்ப்பு. நீங்கள் ஜெயித்தால் நாங்கள் இறங்குவோம். நாங்கள் ஜெயித்தாலோ, சமனில் முடிந்தாலோ, நீங்கள் இறங்குவீர்கள்.

உங்கள் ஊர் நிருபர் ஒரு சங்கதி சொன்னார். மஞ்சள் கிளப் கீழே போனால் மைதானப் பராமரிப்பு ஆட்களைக் கலைத்துவிடப் போகிறார்களாமே? அப்படியானால் ஜூன் மாதம் நீ வீட்டில் இருப்பாய். அதனால் பச்சை அணியின் வெற்றிக்கு, ஆயுளில் முதல் தடவையாக, உருகி உருகி வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

உப்பு எந்த டப்பாவில் இருக்கிறது என்று இன்னும் கண்டுபிடிக்காத
உன் கணவன்


ஏப்ரல் 9

என்னங்க,

உப்பு மஞ்சள் மூடி போட்ட டப்பாவில் இருக்கிறது. நீங்கள் பச்சை மூடியாகத் தேடியிருப்பீர்கள்.

கடிதத்தை ரெண்டு தடவை படித்தேன். முதல் தடவை சிரித்தேன். ரெண்டாவது தடவை, ‘வீட்டுக்கு வா’ என்று எங்கேயாவது ஒரு வரி இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. என் வேலை போகட்டும் என்று ஒரு பத்தி இருக்கிறது.

நகராட்சிப் பூங்காவில் எத்தனை வருஷம் செடி ஓரம் வெட்டிக்கொண்டிருந்தேன் என்று உங்களுக்குத் தெரியும். ஒரு முழு மைதானம் என் பொறுப்பில் வர வேண்டும் என்று ஆசைப்பட்டதும் தெரியும். போன ஆகஸ்டில் அது வந்தது. டாக்சியில் பெட்டியை ஏற்றும்போது வாசலில் நின்று என்ன கேட்டீர்கள்? “புல்லுக்காகப் புருஷனை விட்டுட்டுப் போறியா?” அன்றைக்கு டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார், பதில் சொல்ல முடியவில்லை. இப்போது சொல்கிறேன். விட்டுவிட்டுப் போகவில்லை. போனேன். ரெண்டும் வேறு வேறு.

இங்கே வடக்குப் பக்கத்து கோல் முன்னால் புல்லே நிற்காது. புதிதாகக் கட்டிய பார்வையாளர் மாடம் வெயிலை மறைக்கிறது. சக்கரம் வைத்த விளக்குச் சட்டங்களைத் தள்ளிக்கொண்டு போய், வெயிலுக்குப் பதிலாக அதன் மேல் வெளிச்சம் காட்டுகிறோம். வேருக்குக் காற்றுப் போக முள்கரண்டி மாதிரி ஒரு கருவியால் மண்ணைக் குத்துகிறோம். என் மேசையில் இருக்கும் உங்கள் போட்டோவைப் பார்த்துவிட்டு என் ஆட்கள் அந்த வழுக்கை இடத்துக்கு ‘சார் தலை’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். “மேடம், சார் தலையில இன்னிக்கு நாலு முளை வந்திருக்கு” என்கிறார்கள். காலையில் வந்ததும் முதல் வேலையாக அங்கேதான் போகிறேன்.

உங்கள் கணிப்பில் ஒரு தப்பு. கதவு திறந்து கிடப்பது கதவின் குற்றமில்லை. அவருக்கு முன்னால் நிற்கும் ரெண்டு டிஃபெண்டர்களும் பேசிக்கொள்வதில்லை. அவர் எடுப்பார் என்று இவரும், இவர் எடுப்பார் என்று அவரும் நிற்கிறார்கள். டிவியில் பார்த்தாலே தெரிகிறது. பேசாத ரெண்டு பேருக்கு நடுவில் எது வேண்டுமானாலும் புகுந்து போகும்.

உங்கள் கட்டுரையைத் தவறாமல் படிக்கிறேன். மூட்டுவலி மாத்திரையைத் தவறாமல் போடுங்கள்.

நான்தான்


ஏப்ரல் 18

என் கணிப்புக்கே கணிப்பு எழுதும் நிபுணருக்கு,

‘பேசாத ரெண்டு பேருக்கு நடுவில்.’ புரிந்தது, தாயே. நீ உதைத்த பந்து நேராக என் மூக்கில் வந்து பட்டது. நடுவர் கூட விசில் ஊதவில்லை.

உப்பு கிடைத்தது. இத்தனை மாதமும் நான் போட்டுக்கொண்டிருந்தது என்ன என்று மட்டும் கேட்காதே. பாத்திரங்கள் பளபளவென்று இருக்கின்றன, உடம்புக்கும் ஒன்றும் ஆகவில்லை.

வீட்டு அணியின் நிலைமை குறித்து இத்துடன் அறிக்கை சமர்ப்பிக்கிறேன். கட்டிலில் இடது பக்கம் ஆளில்லை. சரி, நாமே நடுவில் வந்து ஆடுவோம் என்று நடுவில் படுத்துப் பார்த்தேன். இரண்டு பக்கமும் காலியாகிவிட்டது. மறுபடியும் வலது ஓரத்துக்கே திரும்பிவிட்டேன். பால்கனித் தொட்டிச் செடிகளுக்குத் தினமும் தண்ணீர் விடுகிறேன். உன் மேல் கோபம் வந்த நாட்களில் இரண்டு தடவை விடுகிறேன். அதனால் இரண்டு செடி அழுகிவிட்டது. மிச்சம் இருப்பவை என் நல்ல மனசுக்குச் சாட்சி.

“கதவைப் பூட்டினீங்களா?” என்று கேட்க ஆள் இல்லாததால், பூட்டினேனா இல்லையா என்று எனக்கே சந்தேகம் வந்துவிடுகிறது. எழுந்து போய்ப் பார்க்கிறேன். பூட்டித்தான் இருக்கிறது. நீ கேட்டபோதெல்லாம் பூட்டாமல்தான் இருந்திருக்கிறேன் என்பது வேறு விஷயம்.

உன் தம்பி சும்மா இருப்பதில்லை. “மாமா, அக்கா வராங்களா இல்லையா?”

“மேட்ச் முடியட்டும்டா.”

“மேட்சுக்கும் அக்காவுக்கும் என்ன மாமா?”

“நீ கத்தரிக்கோலைப் பார்த்துப் பிடி. காது எனக்கு ரெண்டுதான் இருக்கு.”

நீ தேடிய அந்த ஒரு வரியை எழுதத்தான் நேற்று உட்கார்ந்தேன். ஊர் உலகத்துக்கெல்லாம் புத்தி சொல்கிற பேனா, ஒரு வார்த்தையில் மக்கர் செய்துவிட்டது. ‘வா’ என்று எழுதினால் உத்தரவு போடுகிற மாதிரி இருக்கிறது. ‘வருவாயா’ என்றால் பெண் பார்க்கப் போன அன்றைக்கு வியர்த்ததே, அந்த மாதிரி வியர்க்கிறது. ‘வரலாமே’ என்று எழுதிப் பார்த்தேன். தள்ளுபடி விற்பனை நோட்டீஸ் மாதிரி இருந்தது. கிழித்துப் போட்டேன்.

என் தலையில் முளை வந்ததா? அங்கேயாவது வரட்டும்.

வலது ஓரத்து ஆட்டக்காரன்


ஏப்ரல் 27

என்னங்க,

பாத்திரம் பளபளவென்று இருக்கிறதா? அது துணிக்குப் போடும் சோடா. இனிமேல் தொடாதீர்கள். பச்சை மூடி டப்பாவை அப்படியே தூக்கிப் பரண் மேல் வையுங்கள்.

நீங்கள் தவளை என்று கேலி செய்யும் மனிதர் சின்னப் பையன் இல்லை. ஓய்வு பெறுகிற வயசு, ரெண்டு குழந்தைகளுக்கு அப்பா. பயிற்சிக்கு எல்லாரும் வருவதற்கு முன்னால் வந்து, வெள்ளைக் கோட்டுக்கு வெளியே நின்று, “மேடம், உள்ள வரலாமா?” என்று அனுமதி கேட்கும் ஒரே ஆள் அவர்தான். நேற்று நான் கோடு போட நூல் பிடித்துக்கொண்டிருந்தேன். நான் கேட்காமலே அவராகச் சொன்னார்: “பந்து வந்தப்புறம் பாஞ்சா லேட்டாயிடுமோன்னு பயம் மேடம். அந்த பயத்துலதான் முன்னாடியே பாஞ்சிடறேன். பாஞ்சதுக்கப்புறம்தான் தெரியுது, கொஞ்சம் நின்னிருக்கலாம்னு.” நூலின் மறுமுனையைப் பிடிக்கச் சொன்னேன், பிடித்தார். ஆனால் அவர் சொன்னது என்னோடு அறை வரைக்கும் வந்துவிட்டது. ஆகஸ்டில் நான் கொஞ்சம் நின்றிருக்கலாமோ என்று ஒரு யோசனை. நீங்களும் ஒரு அடி முன்னால் வந்திருக்கலாம்.

இதையெல்லாம் பேப்பரில் போட்டுவிடாதீர்கள். இது புருஷனுக்கு எழுதியது, நிருபருக்கு இல்லை.

கிளப் மேனேஜர் கூப்பிட்டுப் பேசினார். “டீம் தங்கிட்டா உங்களுக்கு மூணு வருஷத்துக்கு ஒப்பந்தம் எழுதிக்கலாம் மேடம். இறங்கிட்டா, தப்பா நினைச்சுக்காதீங்க...” என்றார். மிச்சத்தை அவர் சொல்லவில்லை, நீங்கள் ஏற்கெனவே சொல்லிவிட்டீர்கள்.

ஆகவே ஒரு கேள்வி. இறங்கினால் நான் வீட்டுக்கு வருவேன், நீங்கள் சந்தோஷப்படுவீர்கள், சரி. தங்கினால்? மூன்று வருஷம் நான் இங்கே என்றால் நீங்கள் என்ன செய்வீர்கள்? ஜோக் இல்லாமல் பதில் எழுதுங்கள். எழுதும்போது ஜோக் வந்துவிட்டால் அதைத் தனியாக எடுத்து வைத்து இன்னொரு கடிதத்தில் அனுப்புங்கள்.

நான்தான்


மே 5

அன்புள்ள கேள்விக்காரிக்கு,

உன் கேள்விக்கு வருகிறேன். அதற்கு முன்னால் இங்கே ஒரு பூகம்பம். அதில் சிக்கிய ஒரே ஆள் நான்.

கடைசி ஆட்டம் பற்றிய என் கணிப்புத் தொடர் நேற்று ஆரம்பித்தது. இரண்டு அணிகளையும் தராசில் வைத்து நிறுத்திருந்தேன். பச்சையின் டிஃபென்ஸ் பேசிக்கொள்வதில்லை என்று நீ சொன்னதைத் திருடி, எனக்கே தோன்றிய மாதிரி எழுதினேன். பிறகு தவளையிடம் வந்தேன். நீ சொன்னதில் ஒரு எழுத்துக்கூடத் தொடவில்லை, அம்மா மேல் ஆணை. டிவியில் என் கண்ணால் பார்த்ததைத்தான் எழுதினேன். எழுதியது இது: ‘ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். போன ஆட்டத்தில் நம் கோல்கீப்பர் அவசரப்படாமல் நின்றார்.’

மறுபடி படி. நம் கோல்கீப்பர்.

கதவை இல்லை. தவளையை! பச்சை ஊரின் பத்திரிகையில், பச்சைக்காகவே தலை வழுக்கையான நான், மஞ்சள் அணி கோல்கீப்பரை ‘நம்’ என்று எழுதியிருக்கிறேன். பிழை திருத்துகிறவர் அன்றைக்கென்று லீவு. காலையில் பேப்பரைப் பார்த்தபோது கூட எனக்குத் தப்பாகத் தெரியவில்லை. உன் ஆள், ஆகவே நம் ஆள் என்று கை பாட்டுக்கு எழுதிவிட்டது போலிருக்கிறது.

ஒன்றும் அறியாத பிள்ளையாக சலூனுக்குப் போனேன். பாதி முகத்தில் சோப்பு நுரையோடு இருந்தவர் கூட எழுந்துவிட்டார். உன் தம்பி பேப்பரை என் மூக்குக்கு நேராகப் பிடித்தான்.

“மாமா, இதுல ‘நம்’னா யாரு மாமா?”

“எழுத்துப் பிழைடா.”

“எழுத்துப் பிழைன்னா ‘நம்’முக்கு ‘நாம்’னு வந்திருக்கணும். இது மனசுப் பிழை மாமா!”

இவ்வளவு இலக்கணம் அவனுக்கு எப்போது வந்தது? நுரைக்காரர் வேறு, “எங்க கோல்கீப்பர்னு சொன்னாக்கூட பொறுத்துக்குவோம், அவங்க வீட்டம்மா அங்க இருக்காங்க, அவங்க கணக்கு. நம்மன்னா எங்களையும்ல சேர்த்து இழுக்கறாரு!” என்றார். உன் தம்பி என் ஒரு பக்கக் கிருதாவை மட்டும் வெட்டிவிட்டுக் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டான். “மறு பக்கத்தை மஞ்சள் ஊர்ல போய் வெட்டிக்கோங்க.” ஒரு பக்கம் மன்னர் மாதிரியும் மறுபக்கம் குமாஸ்தா மாதிரியும் நடந்து ஆபீஸ் போய்ச் சேர்ந்தேன்.

அங்கே எடிட்டர். “சார், இத்தனை வருஷமா எழுதறீங்க. ‘நம்’னா யாருன்னு நான் சொல்லித் தரணுமா? காலையிலேர்ந்து போனைக் கீழ வைக்க முடியல.” நாளைக்குத் திருத்தம் போடுகிறார்கள்.

தாள் முடிந்துவிட்டது. உன் கேள்விக்கு அடுத்த கடிதத்தில்.

அரைக் கிருதாக் கணவன்


மே 9

என்னங்க,

உங்கள் பேப்பர் இங்கே ஒரு நாள் தாமதமாக வரும். செவ்வாய்க்கிழமை அந்த வரியைப் படித்தேன். விளக்குச் சட்டத்தைத் தள்ளிக்கொண்டிருந்தவர்களை நிறுத்திவிட்டு வாசித்துக் காட்டினேன். “சார் நம்ம பக்கம் வந்துட்டாரா மேடம்?” என்றார் ஒருவர். வந்துவிட்டார் என்றேன். என் கேள்விக்குப் பதில் கடிதத்தில் வரும் என்று காத்திருந்தால், ஊர் பார்க்கப் பேப்பரிலேயே வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அன்றைக்கு முழுக்க, நான் இழுத்த கோடெல்லாம் நேராக விழுந்தது.

வியாழக்கிழமை திருத்தம் வந்தது. ‘நம் கோல்கீப்பர் என்பதை எதிரணி கோல்கீப்பர் என்று திருத்தி வாசிக்கவும். தவறுக்கு வருந்துகிறோம்.’

எதிரணி, தவறு, வருத்தம். மூன்றும் ரெண்டு வரியில். சொன்ன மாதிரியே திருத்தி வாசித்துப் பார்த்தேன். கோல்கீப்பரை மட்டும் திருத்த முடியவில்லை, கூடவே என்னையும் திருத்த வேண்டியிருந்தது.

நேற்று உங்கள் கடிதம் வந்தது. கிருதா வந்தது, நுரை வந்தது, எடிட்டர் வந்தார். பதில் வரவில்லை. தாள் முடிந்துவிட்டது என்கிறீர்கள். கூடுதலாக வாங்கி வைத்திருப்பதாக எழுதியவர் நீங்கள்தான்.

மேட்ச் முடியும் வரை எழுத வேண்டாம். மேட்சுக்கு வருவீர்கள், அது உங்கள் தொழில். பத்திரிகையாளர் மாடத்தில் உட்கார்ந்து பாருங்கள். என் அறைக்கு வர வேண்டாம். எனக்கும் தொழில் இருக்கிறது.

இப்படிக்கு,
மைதானத் தலைமைப் பராமரிப்பாளர்


மே 14

எழுத வேண்டாம் என்றாய். எழுதுகிறேன். படிக்காமல் வைத்திருந்து மேட்ச் முடிந்ததும் படி.

திருத்தத்தை எழுதியது எடிட்டர். தடுக்காதது நான். மேசைக்கு முன்னால் நின்று தலையை ஆட்டினேன். இத்தனை வருஷத்தில் நான் யோசிக்காமல் எழுதியது அந்த ஒரு வார்த்தைதான், அதுதான் சரியாகவும் இருந்தது. அதைப் பிழை என்று போட்டார்கள், நான் ‘ஆமாம் சார்’ என்றேன்.

கணிப்புத் தொடரின் கடைசிக் கட்டுரையை இன்று கொடுத்துவிட்டேன். அதில் எழுத முடியாததை உனக்கு எழுதுகிறேன். பச்சைக்குச் சமனில் முடிந்தால் போதும். போதும் என்றுதான் ஆடுவார்கள். பின்னால் நின்று பந்தைத் தூர உதைத்துக்கொண்டு, நேரத்தைத் தள்ளுவார்கள். உன் ஆட்கள் ஜெயித்தே ஆக வேண்டும். திறமை இல்லாமையில் இரண்டு பேரும் ஒன்றுதான். ஆனால் எது வேண்டும் என்று தெரிந்தவர்கள் உங்கள் பக்கம்தான். ஆகஸ்டில் வாசலில் நின்றபோதும் அப்படித்தான். நீ ஆட வந்தாய். நான் சமனுக்கு நின்றேன்.

தங்கினால் என்ன செய்வீர்கள் என்று கேட்டாய். தெரியவில்லை. இது ஜோக் இல்லை. காலையில் பேப்பரைப் பிரித்ததும் உன்னைக் கூப்பிட்டு வாசித்துக் காட்ட வாயைத் திறக்கிறேன், இப்போதும். வாயைத் திறந்தபடியே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கிறேன். அது வரைக்கும்தான் எனக்குத் தெரியும்.

நான்


மே 25

என்னங்க,

உங்கள் கடிதத்தை மேட்சுக்கு முன்பே படித்துவிட்டேன். நீங்கள் சொன்னால் நான் என்றைக்குக் கேட்டிருக்கிறேன்?

எங்களை ஜெயிக்க வைத்த அந்த ஒரே கோல் எப்படி விழுந்தது என்று இன்னும் யாருக்கும் தெரியவில்லை. கார்னரிலிருந்து வந்த பந்து மாப்பிள்ளையின் முதுகில் பட்டதா, உங்கள் டிஃபெண்டரின் இடுப்பில் பட்டதா என்று இங்கே தகராறு. மாப்பிள்ளை முதுகு என்கிறார், முடி கலையவில்லை என்பதைச் சாட்சியாகக் காட்டுகிறார். அது நடந்தபோது நான் ஆட்டத்தைப் பார்க்கவில்லை. உங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வீரர்கள் வெளியே வரும் வழியில், ஓரமாக, கையில் மண்குத்தியோடு நின்றுகொண்டிருந்தேன். அங்கிருந்து பத்திரிகையாளர் மாடம் நேராகத் தெரியும்.

மாடத்தில் உட்கார்ந்தால் கைதட்டக் கூடாது, கத்தக் கூடாது, முகத்தைக் கூட மாற்றக் கூடாது என்று எனக்கே எத்தனை தடவை பாடம் எடுத்திருக்கிறீர்கள்! கடைசி நிமிஷங்களில் பச்சை மொத்தமும் இந்தப் பக்கம் வந்துவிட்டது. ‘நாளைக்கு’ தனியாகப் பந்தோடு வந்தார். தவளை தாவவில்லை. நின்றார். நின்று, பார்த்து, பிடித்தார். அப்போது அத்தனை பேரும் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, உங்கள் ஊர்க்காரர்களுக்கு நடுவில், நீங்கள் ஒருவர் மட்டும் எழுந்து நின்று ரெண்டு கையையும் தூக்கினீர்கள்.

அந்தப் பந்து உள்ளே போயிருந்தால் ஜூனில் நான் வீட்டில். உங்களுக்கு அது தெரியும். தெரிந்தே கையைத் தூக்கினீர்கள்.

நான் மண்குத்தியைத் தரையில் ஊன்றி வைத்துவிட்டு உங்களையே பார்த்தேன்.

மேட்ச் முடிந்து கூட்டம் கலைந்த பிறகு, பெயர்ந்த புல் கட்டிகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தோம். நீங்கள் வடக்குக் கோட்டுப் பக்கம் வந்து நின்றீர்கள். கிருதா விஷயம் நிஜம்தான் என்று அப்போதுதான் தெரிந்தது. நீங்கள் காலை எடுத்து உள்ளே வைக்கப் போனீர்கள். நான் கையை நீட்டினேன்.

அதற்கு அர்த்தம் இது: ‘நில்லுங்க, மேட்ச் முடிஞ்சு இப்பதான் அங்க விதை போட்டிருக்கு, அந்தக் கொடிக்கம்பத்துப் பக்கமா சுத்தி வாங்க.’ ஒரே கையில் இவ்வளவையும் எப்படிச் சொல்வது? நீங்கள் தலையை ஆட்டினீர்கள். புரிந்துகொண்டீர்கள் என்று நினைத்தேன். திரும்பி நடந்தீர்கள். சுற்றி வருகிறீர்கள் என்று நினைத்தேன். வாசல் பக்கம் போகவும்தான் புரிந்தது. கையிலிருந்ததைப் போட்டுவிட்டு ஓடி வந்தேன். நானும் சுற்றித்தான் ஓடி வந்தேன், புல்லில் எப்படி ஓடுவது? அதற்குள் உங்கள் பஸ் கிளம்பிவிட்டது. பின் கண்ணாடியில் ஒரு தலை தெரிந்தது. அது உங்களுடையதா என்று கூட நிச்சயமாகத் தெரியவில்லை. வழுக்கைகள் தூரத்தில் எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கின்றன.

என் ஆட்களில் ஒருவர், “புல்லு போனா போகுதுன்னு விட்டிருக்கலாமே மேடம்” என்றார். இத்தனை மாதமாக அந்த வழுக்கை இடத்தைக் கண் மாதிரிப் பார்த்தவர் அவர்தான்.

இன்று காலை மூன்று வருஷ ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டேன். உங்களைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் போடு என்றுதான் சொல்லியிருப்பீர்கள் என்று சனிக்கிழமை பார்த்துவிட்டேன்.

இங்கே எனக்குக் கொடுத்திருக்கும் வீட்டில் ரெண்டு அறை. ஒன்றில் விதை மூட்டைகளை அடுக்கியிருந்தேன். இன்று எல்லாவற்றையும் கிடங்குக்கு அனுப்பிவிட்டேன். வேறு காரணம் ஒன்றும் இல்லை. விதைக்குக் காற்று வேண்டும்.

நான்தான்


மே 30

உனக்கு,

பின் கண்ணாடியில் தெரிந்தது என் தலைதான். திரும்பித்தான் உட்கார்ந்திருந்தேன். நீ ஓடி வந்ததைப் பார்த்தேன். கொடிக்கம்பத்தைச் சுற்றி ஏன் ஓடுகிறாள், யாரை விரட்டுகிறாள் என்று நினைத்தேன். என்னைத்தான் என்று தெரிந்திருந்தால் டிரைவரின் காலில் விழுந்திருப்பேன்.

எடிட்டர் கூப்பிட்டு, மாடத்தில் கையைத் தூக்கியவர் இனிமேல் பச்சையைப் பற்றி எழுத முடியாது, பிழை திருத்தும் மேசைக்குப் போங்கள் என்றார். இந்த ஊரில் அந்த வேலைக்கு என்னைவிடத் தகுதி குறைந்த ஆள் கிடையாது என்று அவருக்கு விளக்கிவிட்டு, மேசையைக் காலி செய்து கொடுத்துவிட்டேன். கை கொடுத்தார். “அங்க போய் என்ன சார் பண்ணுவீங்க?” என்றார். எனக்கும் தெரியாது. போனால்தானே தெரியும்.

உன் தம்பி வீட்டுக்கே வந்தான். என்னை ஸ்டூலில் உட்கார வைத்து, மிச்சமிருந்த கிருதாவை வெட்டினான். வெட்டி முடித்து, கழுத்தில் ஒட்டியிருந்த முடியைத் தட்டிவிட்டு, “அக்காகிட்ட சொல்லுங்க, நான் கீழ்ப்பிரிவுலயும் பச்சைதான்னு” என்றான். கண்ணைத் துடைத்துக்கொண்டான். முடி விழுந்துவிட்டதாம். பிழைத்த தொட்டிச் செடிகளை அவனிடம் கொடுத்துவிட்டேன். கோபம் வந்தாலும் ஒரு தடவைதான் தண்ணீர் விட வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

இந்தக் கடிதம் புதன்கிழமைதான் உன் வீட்டுக்கு வரும். நான் செவ்வாய்க்கிழமை ரயிலில் வந்து இறங்கிவிடுவேன். புதன்கிழமை தபால்காரர் மணி அடிக்கும்போது நீ மைதானத்தில் இருப்பாய்; கதவைத் திறந்து வாங்கப் போவது நான். மத்தியானம் நீ சாப்பிட வரும்போது மேசை மேல் வைத்திருப்பேன்.

பிரிக்காதே. எதிரில்தான் உட்கார்ந்திருப்பேன். என்னையே கேள்.